அரைச் சக்கரமும் ஆறு சதவீதமும்

மேகமலையின் விளிம்பிலே, மகாராஜா மெட்டிலே நின்று கீழே நோக்குவோருக்குக் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பார்வையில் அகப்படும். அதற்கு அப்பால் மேற்கே எழும் மலைத்தொடர் கேரளத்தைச் சேர்ந்தது. குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு ஆகிய மலைவழிகளால் இப்பள்ளத்தாக்கின் தொழிலாளர்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, ஏலத் தோட்டங்களுக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள். அங்கே வாங்கும் கூலியும் இங்கே கடைவீதியில் செல்லும் பணமும் இன்று ஒன்றே. ஆயின், 1949-க்கு முன்னர் நிலைமை இதுவன்று. மலைக்கு அப்பால் இருந்தது திருவிதாங்கூர் சமஸ்தானம். அதற்குத் தனி அஞ்சல், தனிச் சுங்கம், தனி நாணயம். கப்பல் ஏறாமலும் கடல் கடவாமலும், தலைச்சுமையோடு மலையேறிய ஏழைத் தொழிலாளிகூட அந்நிய நாணயம் என்னும் சிக்கலைத் தன் உள்ளங்கையிலேயே கண்டான்.

அந்தக் கணக்கைச் சற்றே நினைவுகூர்வது இன்றைய விஷயத்துக்குப் பயன்படும். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு சர்க்கார் ரூபாய். நம் பக்கத்துப் பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கோ 28½ சக்கரம். இங்கே 12 தம்பிடி ஓர் அணா. 16 அணா ஒரு ரூபாய். ஆகவே ஓர் அணாவைத் திருவிதாங்கூர் நாணயமாக மாற்றினால் ஒரு சக்கரமும் பன்னிரண்டரைக் காசும் வரவேண்டும். அரைக் காசை யார் எண்ணிக் கொடுப்பார்? யார் எண்ணி வாங்குவார்? ரூபாயை நீட்டியவனிடம் 28 சக்கரத்தை எண்ணி வைத்து, "ரூபாய்க்கு இருபத்தெட்டு" என்று சொல்லிவிட்டால், கணக்கு அறியாதவனுக்கு அரைச் சக்கரம் நஷ்டம். நூற்றுக்கு ஒன்றேமுக்கால் வீதம் அது.

ஆயினும் அக்காலத்து ஏழைக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. 28½ என்னும் விகிதம் ஊரறிந்த விகிதம். அது காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருக்கவில்லை. சந்தேகம் வந்தவன் அடுத்த கடையிலோ, உடன் வந்த கங்காணியிடமோ கேட்டுத் தெளியலாம். ஏமாந்தால் எவ்வளவு ஏமாந்தோம் என்பதாவது தெரியும். இன்று வெளிநாட்டில் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் தமிழனுக்கு, உலகத்துச் செய்தி அனைத்தும் சட்டைப் பையில் இருக்கும் இக்காலத்தில், அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதே நம் புகார்.

தமிழ் மக்கள் கூலிக்கும் வாணிபத்துக்கும் கடல் கடந்த ஜாதி. இலங்கைத் தேயிலைத் தோட்டம், மலேயாவின் ரப்பர்க் காடு, பர்மாவின் நெல்வயல், பிற்பாடு வளைகுடா, சிங்கப்பூர் என்று அவர்கள் போகாத இடமில்லை. போன இடத்திலெல்லாம் உழைப்பது ஒரு கஷ்டம். உழைத்ததை ஊருக்குக் கொண்டு சேர்ப்பது மற்றொரு கஷ்டம். அவர்கள் பெட்டியில் பூட்டி வைத்த பணம் அரசாங்கங்களின் விதியோடு சேர்ந்து செத்தது உண்டு. ஜப்பானியர் மலேயாவைப் பிடித்திருந்த காலத்தில் வாழைமரப் படம் பொறித்து வெளியிட்ட நோட்டுகள் 1945-இல் அவர்கள் தோற்றதும் வெறும் காகிதமாயின. பர்மாவில் 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையென அறிவிக்கப்பட்டன. அங்கிருந்து திரும்பிய தமிழர் பலர் பல வருஷச் சம்பாத்தியத்தை இழந்து வெறுங்கையோடு கரையிறங்கினர். அதே 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 மலையகத் தமிழர் இந்தியாவுக்கு உரியவரென எண்ணப்பட்டனர். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்ச வரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைப்பதில்லை என்று இலங்கை அந்த ஒப்பந்தத்தில் வாக்களித்தது. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்தவனுடைய மூட்டையை எடைபோட்டு, "இவ்வளவுக்கு மேல் போகாது" என்று சொல்லும் அதிகாரம் எல்லைக்கு உண்டு என்பதை நம் மக்கள் அன்று அனுபவத்தில் கற்றனர்.

நம் சர்க்காரும் இதற்கு விலக்கன்று. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாவென அறிவித்தபோது, வெளிநாட்டில் வேலை செய்தவன் கையிலும் ஊருக்கு வரும் வழிச்செலவுக்கென்று சில நோட்டுகள் இருந்தன. அவற்றை மாற்ற அவனுக்கு 2017 ஜூன் வரை தவணை தரப்பட்டது உண்மை. ஆனால் மாற்றும் இடங்கள் ரிசர்வ் பாங்கின் ஐந்து காரியாலயங்களே. தமிழ்நாட்டில் சென்னை ஒன்றுதான். உத்தமபாளையத்தான் இரண்டு நோட்டுக்காகச் சென்னைக்குப் போய்வந்தால், நோட்டின் மதிப்பில் மிஞ்சுவது என்ன?

நிற்க. இவையெல்லாம் யுத்தமும் அரசியலும் இழைத்த நஷ்டங்கள், எப்போதோ வருபவை. நாம் இங்கே பேச விரும்புவது மாதந்தோறும் சத்தமின்றி நடக்கும் நஷ்டம்.

அது நடக்கும் விதம் இது. பணம் அனுப்பும் ஸ்தாபனம் இரண்டு வழிகளில் கூலி எடுக்கிறது. ஒன்று, வெளிப்படையான கட்டணம். மற்றொன்று, விகிதத்திலே ஒளிந்திருக்கும் லாபம். ஓர் உதாரணம் சொல்வோம். சந்தையில் ஒரு வெளிநாட்டு நாணயத்துக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்க. 500 நாணயம் அனுப்பினால் 30,000 ரூபாய் வரவேண்டும். கடையின் பலகையில் "கட்டணம் இல்லை" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. கீழே சிறிய எழுத்தில் விகிதம் 58 ரூபாய் 20 பைசா. வீட்டுக்கு வந்து சேருவது 29,100 ரூபாய். காணாமற்போன 900 ரூபாயை ஒருவரும் திருடவில்லை. எந்த ரசீதிலும் அது கட்டணமென்று எழுதப்படவில்லை. அனுப்பியவன் இலவசமாக அனுப்பினோம் என்று மகிழ்கிறான். தாயார் வந்ததை வாங்கிக்கொள்கிறாள். மாதம் 900 என்றால் வருஷத்துக்கு 10,800 ரூபாய். மேகமலை லயத்திலே வளர்ந்த பிள்ளை வெளிநாடு போய் இப்படி அனுப்புவானாகில், அது அவன் தங்கையின் படிப்புச் செலவு.

உலக பாங்கு இதைக் கணக்கெடுத்து வருகிறது. 200 டாலர் அனுப்புவதற்கு உலக முழுதும் சராசரியாக ஆகும் செலவு, கட்டணமும் விகித வித்தியாசமும் சேர்த்து, 2023-லும் நூற்றுக்கு ஆறுக்கு மேலேயே இருந்தது. 2030-க்குள் இதை மூன்றுக்குக் கீழே கொண்டுவருவதென்று ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடுகள் 2015-இல் இலக்கு வைத்துக்கொண்டன. குமுளியில் கணக்கு அறியாதவன் இழந்திருக்கக்கூடிய அரைச் சக்கரம் நூற்றுக்கு ஒன்றேமுக்கால். இன்று கம்பியில்லாமல், கப்பலில்லாமல், கண்ணிமைக்கும் நேரத்தில் போகும் பணத்துக்கு ஆறு! விஞ்ஞானம் வளர்ந்தது; ஏழையின் அரைச் சக்கரம் மும்மடங்குக்கு மேலாயிற்று. வெளிநாட்டு இந்தியர் 2023-இல் தாய்நாட்டுக்கு அனுப்பியது ஏறக்குறைய 12,500 கோடி டாலர் என்று அதே பாங்கு மதிப்பிட்டது. உலகில் வேறு எந்த நாடும் இவ்வளவு பெறவில்லை. வளைகுடாவிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பும் செலவு உலக சராசரியைவிடக் குறைவு என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் இத்தகைய பெருந்தொகையில் நூற்றுக்கு ஒன்று குறைந்தாலும் 125 கோடி டாலர் உழைத்தவர் வீட்டில் தங்கும் என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

இதற்கு ஆட்சேபம் சொல்வோர் உண்டு. கடைக்காரனுக்கு வாடகை உண்டு, சிப்பந்திகள் உண்டு, விகிதம் இடையில் இறங்கினால் நஷ்டமும் உண்டு. அவன் தர்மத்துக்கா நடத்துகிறான் என்பார்கள். நாம் அவனுடைய லாபத்தை மறுக்கவில்லை. மறைப்பதைத்தான் மறுக்கிறோம். ஒப்பந்தம் என்பதற்கு உயிர் சம்மதம். சம்மதத்துக்கு உயிர் அறிவு. எவ்வளவு கொடுக்கிறோம் என்பதே தெரியாதவன் கொடுத்த சம்மதத்தை நியாயஸ்தலத்தில் எப்படிப் போற்றுவது? "இந்தச் சேவைக்கு 900 ரூபாய்" என்று முகத்துக்கு நேரே சொல்லட்டும். வேண்டியவன் கொடுப்பான், வேண்டாதவன் அடுத்த கடைக்குப் போவான். அவ்வாறு போக முடிந்தால்தான் விலை தானே இறங்கும்.

படிப்பில்லாதவன்தான் ஏமாறுகிறான் என்று நினைப்பதும் தவறு. சட்டப் புத்தகத்தில் சிறிய எழுத்தையே தேடித் தேடிப் படித்துப் பழகிய நாமே ஒரு முறை வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில், நேரமில்லாத அவசரத்தில், மிஞ்சிய நோட்டுகளை மாற்றினோம். விமானத்தில் உட்கார்ந்து ரசீதை விரித்துக் கணக்குப் பார்த்தபோது நூற்றுக்கு ஒன்பதுக்கு மேல் போயிருந்தது. பலகையில் விகிதம் எழுதித்தான் இருந்தது. அதை எதனோடு ஒப்பிடுவது என்பதுதான் எழுதியிருக்கவில்லை. நமக்கு அது ஒரு வேளை உணவுச் செலவு. கூலிக்காரனுக்கு அது ஒரு நாள் உழைப்பு.

மறைவான லாபத்தைக் கண்டு வெறுத்த மக்கள் போகும் வழி உண்டியல். இந்தச் சொல்லுக்கு ஒரு கௌரவமான பூர்வீகம் உண்டு. நகரத்தார்கள் கீழ்த்திசை நாடுகளில் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், ரங்கூனில் எழுதிய உண்டிக்குக் காரைக்குடியில் பணம் கிடைத்தது. எழுதியவனுடைய நாணயமே அதற்கு ஜாமீன். காசுக்கும் யோக்கியதைக்கும் தமிழ் "நாணயம்" என்னும் ஒரே பெயரை வைத்திருப்பது வீணன்று. இன்றைய உண்டியல் அதன் நிழல்தான். கூடுதலான விகிதம் தருகிறது, தமிழில் பேசுகிறது, வீட்டு வாசலுக்கே வந்து பணம் கொடுக்கிறது என்பதெல்லாம் மெய். ஆனால் ரசீது இல்லை. பணம் வராவிட்டால் எந்தக் கோர்ட்டிலும் கேட்க வழியில்லை. 1999-இன் அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டப்படி அது குற்றம். பணம் வந்த வழி கள்ளக்கடத்தலாக இருந்துவிட்டால் வாங்கியவன் வீட்டுக்கும் விசாரணை வரும். ஆகவே உண்டியல் வேண்டாம் என்றே நாம் சொல்லுவோம்.

ஆயினும், உண்டியலைப் போலீஸாரைக் கொண்டு மட்டும் ஒழிக்க முடியாது என்பதற்கு நம் அண்டை நாடே சாட்சி. 2021-இன் பிற்பகுதியில் இலங்கை மத்திய பாங்கு ஒரு டாலருக்கு ஏறக்குறைய 200 ரூபாய் என்று விகிதத்தைப் பிடித்து வைத்தது. வெளிச்சந்தையில் அதைவிட அதிகம் கிடைத்தது. வெளிநாட்டில் உழைத்த இலங்கையர் பாங்கியை விட்டு உண்டியலுக்குத் திரும்பினர். 2020-இல் சுமார் 710 கோடி டாலராக இருந்த அவர்களுடைய அனுப்புத்தொகை, 2022-இல் பாங்கிக் கணக்கில் சுமார் 380 கோடியாகச் சுருங்கியது. 2022 மார்ச்சில் விகிதத்தைத் தளர்த்துவதற்குள் கஜானா வறண்டு, எண்ணெய்க்கும் மருந்துக்கும் ஜனங்கள் வரிசையில் நின்றனர். அந்த நெருக்கடிக்குக் காரணம் இது ஒன்றேயன்று. ஆனால் உழைப்பவனுக்கு நியாயமான விகிதம் கொடாத அரசாங்கம் அவனை மட்டுமன்று, தன்னையும் வறியதாக்கிக்கொள்கிறது என்பது அதில் விளங்குகிறது.

வெளிநாடு செல்லும் பிரயாணிகள் அறிந்திருக்கவேண்டிய சில விஷயங்களையும் இங்கே சொல்லிவிடுவோம். ரிசர்வ் பாங்கின் விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் அல்லது செலவிடலாம். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பிரயாணத்தில் நோட்டாகக் கொண்டுபோகக்கூடியது 3,000 டாலர்; மீதியை அட்டையாகவோ பாங்கி மூலமாகவோ கொண்டுபோகலாம். நம் ரூபாய் நோட்டு 25,000-க்கு மேல் எடுத்துச் செல்லலாகாது. செலவாகாமல் மிஞ்சிய அந்நிய நோட்டு 2,000 டாலருக்கு மேற்பட்டால், திரும்பிய 180 நாளுக்குள் அதை ஒப்படைக்க வேண்டும். நாணயத்தை ஊரிலேயே, ரிசர்வ் பாங்கின் அனுமதி பெற்ற வணிகரிடம், இரண்டு மூன்று இடத்தில் விசாரித்து மாற்றி ரசீது வாங்குக. விமான நிலையத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவேண்டாம். வெளிநாட்டுக் கடையில் அட்டையை நீட்டும்போது "ரூபாயில் எழுதட்டுமா, எங்கள் நாணயத்தில் எழுதட்டுமா?" என்று இயந்திரம் கேட்கும். ரூபாய் என்று கேட்டதும் சொந்தக்காரனைக் கண்டாற்போல் மனம் இளகும். இளகவேண்டாம். அங்கேயுள்ள நாணயத்திலேயே எழுதச் சொல்லுக. அந்தக் கடையின் ரூபாய் விகிதம் பெரும்பாலும் நம் பாங்கியின் விகிதத்தைவிட மோசமானது.

இவ்விஷயத்தில் ஒன்றுமே நடைபெறவில்லை என்று சொல்வது நியாயமாகாது. வெளிநாட்டுச் செலாவணித் தொழிலையே பிரதான நோக்கமாகக் கொண்டு, மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-இல் இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கை ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் திறந்தார். தமிழன் கடல் கடந்தால் அவன் பணமும் கண்ணியமாகக் கடல் கடக்க வேண்டும் என்று அன்றே உணர்ந்தவர் இருந்தனர். 2023 பிப்ரவரி 21-இல் நம் யூ.பி.ஐ. முறையும் சிங்கப்பூரின் பேநவ் முறையும் இணைக்கப்பட்டன. கைப்பேசி எண்ணைக் கொண்டே அங்கிருந்து இங்கே பணம் அனுப்ப வழி பிறந்தது. முதலில் அதில் சேர்ந்த பாங்கிகளுள் இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கும் ஒன்று என்பது பொருத்தமே. 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் மொரீஷியஸிலும் நம் பிரயாணிகள் கடைகளில் யூ.பி.ஐ. கொண்டு பணம் செலுத்தும் ஏற்பாடு தொடங்கிற்று. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் உல்லாசப் பிரயாணி தேநீர்க் கடையில் பணம் செலுத்தும் வசதியைக் காட்டிலும், வளைகுடாவிலும் மலேசியாவிலும் வெயிலில் நிற்பவன் வீட்டுக்குப் பணம் அனுப்பும் வசதி முந்தியதாக இருந்திருக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

நாம் கோருவது பெரிய காரியமன்று. பணம் மாற்றும் எவரும், அனுப்பும் எவரும், பணத்தைக் கையில் வாங்குமுன் மூன்று எண்களைச் சொல்லவேண்டும்: அன்றைய சந்தை விகிதம், தாம் கொடுக்கும் விகிதம், கட்டணமும் விகித வித்தியாசமும் சேர்ந்து வாடிக்கைக்காரனுக்கு ஆகும் மொத்தச் செலவு. அதைத் தமிழர் வரும் இடத்தில் தமிழில் சொல்லவேண்டும். நடவாத காரியம் என்று எவரும் சொல்லவேண்டாம். அமெரிக்காவில் 2013 அக்டோபர் முதல், வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு விகிதம், கட்டணம், மறுகையில் சேரும் தொகை ஆகியவற்றை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரல் முதல், கடையில் நாணயம் மாற்றிக் கொடுப்பவர், ஐரோப்பிய மத்திய பாங்கின் விகிதத்துக்கு மேல் தாம் எத்தனை சதவீதம் வைக்கிறோம் என்று சொல்லியாக வேண்டும். அங்குள்ள உல்லாசப் பிரயாணிக்குக் கிடைத்த நீதி நம் தொழிலாளிக்கு ஏன் கிடைக்கலாகாது? உள்நாட்டில் ரிசர்வ் பாங்கு ஓர் உத்தரவால் இதைச் செய்யலாம். வெளிநாடுகளில், தொழிலாளர்களைப் பற்றி ஒப்பந்தம் செய்யும்போதெல்லாம் இந்திய சர்க்கார் இதையும் ஒரு ஷரத்தாகச் சேர்க்கலாம்.

1886-இல் பெரியாற்று அணைக்குக் குத்தகைப் பத்திரம் எழுதியபோது, சென்னை சர்க்காரும் திருவிதாங்கூர் சமஸ்தானமும் ஏக்கருக்கு ஐந்து ரூபாய், 8,000 ஏக்கருக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய் என்று கணக்கை எழுத்தில் எழுதிக்கொண்டன. மலையின் இருபுறத்து அரசுகளுக்கும் தத்தம் கணக்கு தெளிவாக இருந்தது. அதே மலையைக் கடந்த தொழிலாளிக்கும் அந்தத் தெளிவு உரியது. அவன் பிள்ளைகளும் பேரர்களும் இன்று குமுளியைத் தாண்டிக் கடலையும் தாண்டிவிட்டார்கள். அவர்கள் கேட்பது தர்மமன்று. தாங்கள் கொடுத்தது எவ்வளவு, வீட்டில் சேர்ந்தது எவ்வளவு, இடையில் நின்றது எவ்வளவு என்னும் கணக்கையே கேட்கிறார்கள். அதைக் கேளாமலே சொல்வதுதான் நாணயம்.